இரண்டு ஊசி, ஒரு போளி

அத்தியாயம் 11

புத்தன் தெரு வீட்டில் சாவித்ரியும் மருமகள் ஜானவியும் பேச்சை நிறுத்தி எட்டு நாளாகிறது. சண்டை என்றால் பாத்திரம் உருண்டிருக்க வேண்டும், கதவு படாரென்று அடித்திருக்க வேண்டும், எதிர்வீட்டுக்காரர்களுக்காவது கொஞ்சம் பொழுது போயிருக்க வேண்டும். இது அந்த வகைச் சண்டை இல்லை. மாமியார் கூடத்துக்கு வந்தால் மருமகளுக்கு மாடியில் வேலை வந்துவிடும். மருமகள் சமையலறைப் பக்கம் வந்தால் மாமியாருக்குக் கொல்லையில் துணி காய்ந்துவிடும்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

சாவித்ரியின் கணவர் சேஷன், சர்க்கார் ஆபீஸில் காலமெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். நாக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. இந்த மலையாளத்து ஊரில் கோட்டையைச் சுற்றி எந்தச் சந்தில் எந்த இனிப்பு எப்போது அடுப்பிலிருந்து இறங்கும் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். போன மாதம் கால் விரலில் ஒரு புண் வந்து ஆறவே இல்லை. இனியும் இனிப்பைத் தொட்டால் விரலையே எடுக்கும்படி ஆகும் என்று டாக்டர் சொல்லி, இன்சுலின் ஊசியும் ஆரம்பித்தாயிற்று. அதற்கப்புறமும் மனிதர் கோவிலுக்கென்று கிளம்பிப் போய், வாயோரத்தில் நெய் மின்னத் திரும்பி வந்தார்.

ஜானவி கும்பகோணத்துப் பெண், ஐ.டி.க்காரி. ஒரு பிரச்னையைப் பார்த்தால் அதை முடித்துக்கட்டாமல் தூங்கமாட்டாள். மாமனாரின் போட்டோவையும், தன் குரலில் ஒரு செய்தியையும் 'சாலை' என்று பெயர் கொண்ட கடைவீதிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். இவர் சர்க்கரை நோயாளி, எவ்வளவு கெஞ்சினாலும் இனிப்பு கொடுக்காதீர்கள் என்று செய்தி. கடைக்காரர்கள் ஒருவர் விடாமல் சரி என்றார்கள். சாவித்ரிக்கு விஷயம் தெரிந்தது பூக்காரி சொல்லித்தான்.

"ஊர் பூரா போட்டோ ஒட்டறதுக்கு என் ஆத்துக்காரர் என்ன பிக்பாக்கெட்டா?"

அதுதான் அவள் மருமகளிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் தபால்காரன் வேலை பார்த்தது மகன் ஜெயந்த். 'அம்மா, ஜானவி ராத்திரி சாப்பிடலையாம்', 'ஜானு, அம்மா கேஸ் புக் பண்ணச் சொன்னா' என்று மாடிப்படி ஏறி இறங்கியே இளைத்துப் போனான்.

அந்தத் தபால்காரன் இன்றைக்கு ஊரில் இல்லை. ஆபீஸ் வேலையாக விடியற்காலை ரயிலில் கொச்சிக்குப் போயிருக்கிறான். தினமும் காலையில் அப்பாவுக்கு ஊசி போடுகிறவனும் அவன்தான்.

*

ஜானவி மாடியில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து ஆபீஸ் கூட்டத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தபோது ஜெயந்தின் போன் வந்தது.

"ஜானு, ட்ரெயின்ல சிக்னலே கெடைக்கலை. ஒண்ணுமில்லை, அப்பாவுக்கு ஊசி சரியா விழுந்துதான்னு கேக்கத்தான். அம்மா கையில நடுக்கம் உண்டல்லோ?"

"அம்மா கை எங்கே வந்தது இதுல? நீ ட்ரெயின்லேருந்து மெசேஜ் பண்ணினியே, என்னைப் போடச் சொல்லி. காலம்பரயே போட்டாச்சு."

மறுமுனையில் ரயில் சத்தத்துக்கு நடுவே "ஐயோ!" என்றான்.

"ஜெயந்த்?"

"நேத்து ராத்திரி அம்மாகிட்டயும் சொல்லியிருந்தேன். அப்பறம் மனசு மாறித்தான் உனக்கு மெசேஜ் பண்ணினேன். நீ சொல்லிடுவேன்னு விட்டுட்டேன். இப்பத்தான் அம்மாகிட்ட பேசினேன் ஜானு. தான் போட்டுட்டேன்னு சொல்றா."

நல்ல பிள்ளை. இரண்டு பேரிடமும் சொன்னான். இரண்டு பேரிடமும் சொன்னேன் என்பதைத்தான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பேசிக்கொள்ளாத இரண்டு பெண்கள் இருக்கிற வீட்டில் 'நீ சொல்லிடுவேன்னு விட்டுட்டேன்' என்றால் அவனை என்ன செய்வது?

ஜானவி கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கினாள். சமையலறையில் சாவித்ரி அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளின் காலடி கேட்டதும் எழுந்து கொல்லைக்குப் போகப் பார்த்தாள்.

"அம்மா, நில்லுங்கோ. அப்பாவுக்கு இன்னிக்கு ஊசி போட்டேளா?"

சாவித்ரி திரும்பாமலே பதில் சொன்னாள். "போட்டேன். என் ஆத்துக்காரருக்கு ஊசி போட நான் யார்கிட்ட கேக்கணும்?"

"நானும் போட்டிருக்கேம்மா. நீங்க குளிச்சிண்டிருந்தபோது."

சாவித்ரியின் கையிலிருந்த வாழைக்காய் தரையில் விழுந்தது.

"நீ போட்டியா? அவர் ஒண்ணும் சொல்லலையே! வேஷ்டியைத் தளர்த்திண்டு வயித்தைக் காட்டினாரே!"

"ஏன் சொல்லலை?"

ஏன் என்று இருவருக்குமே தெரியும். எட்டு நாளாக அந்த வீட்டில் ஒருத்தி பெயரை இன்னொருத்தியிடம் எடுத்தால் தீப்பிடிக்கும். முந்தாநாள் 'ஜானவி போட்ட காபி நன்னாயிருந்தது' என்று வாய்தவறிச் சொன்னதற்கு, சேஷனுக்கு மத்தியானம் ரசம் மட்டும்தான் கிடைத்தது.

ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று சாவித்ரியின் முகத்தில் தெரிந்தது. அவள் எதையோ நினைத்துப் பார்த்தாள்.

"சிரிச்சிண்டே இருந்தார். 'போடு, போடு, நல்லதாப் போச்சு'ன்னார். இட்லி வெச்சேன். ஒண்ணு சாப்பிட்டுட்டு வயிறு சரியில்லைன்னு மிச்சத்தைக் காக்காய்க்குப் போட்டுட்டார்."

ஜானவிக்குப் பளிச்சென்று புரிந்தது. சர்க்கார் கணக்கையே பார்த்த மனிதர் வீட்டுக்கணக்கு போட்டிருக்கிறார். ஒரு ஊசி இட்லிக்கு. இன்னொரு ஊசி தானாக வந்து விழுந்திருக்கிறது. அதற்கு ஈடாக ஒரு போளி தின்னலாமே! வயிற்றில் இடமும் விட்டு வைத்திருக்கிறார்.

"அப்பா எங்கே?"

"பழவங்காடி பிள்ளையார் கோவிலுக்குன்னு போனார். போய் ரொம்ப நாழியாச்சு."

ஜானவி அவர் எண்ணுக்குப் போட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும்படி அந்த போனில் ஏற்பாடு செய்தவளும் இவள்தான். திருட்டுத்தனமாக இனிப்பு தின்னப் போகிறவர் அதை அணைக்காமல் என்ன செய்வார்?

அடுத்தது சர்க்கரை வியாதி கிளினிக்கில் இருக்கும் ராகேல் சிஸ்டருக்கு. அவள் மலையாளத்தில் மடமடவென்று சொன்னதன் சாரம் இதுதான். இரண்டு பங்கு மருந்து உள்ளே போய், ஆகாரம் போகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், குடித்தவர் மாதிரி தள்ளாடுவார். பிறகு விழுவார். அப்படியே விட்டால் மூளைக்கு ஆபத்து, உயிருக்கும் ஆபத்து.

"எந்த மதுரமானாலும் கொடுக்கணும், மோளே. சமயம் இல்லா. வேகம்!"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் சாவித்ரிக்கும் கேட்டது. அவள் பூஜை அறைப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள்.

"பிள்ளையாரப்பா! எவனாவது அவருக்கு ஒரு போளி குடுத்திருக்கணுமே!"

ஒரு மாதமாக எந்தக் கடைக்காரனும் கொடுத்துவிடக் கூடாது என்று வேண்டிய அதே பிள்ளையார். யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள் என்று ஜானவிக்குத் தெரியும். அவள் செய்கிற வேலையில் ஓட்டை இருக்காது. ஆபீஸில் அதற்குத்தான் அவளுக்கு நல்ல பெயர்.

குழுவில் அவசரமாக இன்னொரு செய்தி போட்டாள். இவரைப் பார்த்தால் உடனே இனிப்பு கொடுங்கள், உயிருக்கு ஆபத்து. வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் எந்தக் கடைக்காரன் போனைப் பார்ப்பான்? செய்தி போய் நின்றதே தவிர யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

*

ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கியபோது சாவித்ரி செருப்புகூடப் போடாமல் வந்து நின்றாள். ஜானவி வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டியின் பின்சீட்டில் அவள் உட்கார்ந்ததில்லை. இன்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, மருமகளின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சாலைக்கு விடு. முதல்ல பாயசக் கடை. பாயசம் சீக்கிரம் தீர்ந்துடும்னு ஓடுவார்."

"இல்லைம்மா. முதல்ல போளி. போளி கையில இல்லாம அப்பா பாயசக் கடைக்குப் போகமாட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆன புதுசுல என்னைக் கூட்டிண்டு போய்க் காட்டியிருக்கார்."

உண்மைதான். இந்த ஊரில் போளியைத் தனியாகத் தின்பதில்லை. இலையில் போளியைப் போட்டு, அதன்மேல் பால்பாயசத்தை ஊற்றி, கையால் பிசைந்து தின்ன வேண்டும். கும்பகோணத்திலிருந்து வந்த மருமகளுக்கு அது தெரியாது என்று கேட்டதும் சேஷன் பதறிப் போய்விட்டார். மறுநாளே அழைத்துப் போனார். போளி பழவங்காடியில்தான் மெல்லிசு, பாயசம் சாலையில் தாணு கடையில்தான் சுண்டியிருக்கும், கடைசியாக வாய் மணக்க ஆரியசாலையில் அல்வா. போளியையும் பாயசத்தையும் ஒரே கடையில் வாங்குகிறவனுக்கு நாக்கு இல்லை என்று அர்த்தம், குழந்தே! அன்றைக்கு அவர் சொன்னது ஜானவிக்கு வரிசையாக நினைவு வந்தது.

"என்னை ஒரு நாள் கூட்டிண்டு போனதில்லை" என்றாள் சாவித்ரி பின்னாலிருந்து. கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து அவளே, "நான்தான் வெளியில ஒண்ணும் தின்னமாட்டேனே" என்றாள்.

ஜானவி பழவங்காடிக்கே விட்டாள்.

கோவில் வாசலில் தேங்காய் உடையும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்துச் சந்தில் அபினின் போளிக்கடை. இரும்புக் கல்லில் மஞ்சள் மஞ்சளாகப் போளி வெந்துகொண்டிருந்தது. ஜானவியைப் பார்த்ததும் அபின் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சேச்சி பேடிக்கண்டா, பயமே வேண்டா! உங்க மாமனார் அப்பூப்பன் வந்தாரு. ஞான் கொடுத்தில்லா!"

"எப்போ வந்தார்?"

"கொஞ்சம் முன்னே. எத்ரயோ கெஞ்சினாரு சேச்சி. 'இன்னிக்கு மட்டும் தின்னலாம், டபுள் ஊசி போட்டாச்சு'ன்னு சொன்னாரு. ஞான் விடுமோ? அப்பறம் கல்லுல ஒட்டின துண்டாவது தான்னு கேட்டாரு. அதும் இல்லான்னு சொல்லிட்டேன். சேச்சி வழக்கு பறயுமே, திட்டுமேன்னு."

பாராட்டு கிடைக்கும் என்று நின்றான். ஜானவி அந்தக் கல்லைப் பார்த்தாள். கல்லில் ஒட்டின துண்டைக் கேட்டாரா? அவள் மாமனார், உயர்ந்த போளியைத் தவிர மற்றதைக் கையால் தொடாதவர்?

"பாக்க எப்படி இருந்தார்?"

"நல்லா வேர்த்திருந்தாரு. வெயில் அல்லே?"

"அவருக்கு இப்ப இனிப்பு குடுக்கணும் அபின். குடுக்கலைன்னா உயிர் போயிடும். மறுபடி வந்தா வாயில ஊட்டி விடு. மெசேஜைப் பாரு!"

அபின் வாய் திறந்தபடி நிற்க, ஸ்கூட்டர் சாலைப் பக்கம் திரும்பியது.

*

சாலைக் கடைவீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே அவசரம் என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ஒரு லாரி நடுவீதியில் நின்று அரிசி இறக்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஆட்டோ, ஆட்டோவின் பின்னால் கைவண்டி. ஜானவி ஸ்கூட்டரை ஒரு பாத்திரக் கடை ஓரமாகச் சாய்த்துவிட்டு மாமியாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். சூடான தார் சாவித்ரியின் வெறுங்காலைச் சுட்டது. அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

தாணு நாஞ்சில் நாட்டுக்காரர். பாயசம் கொதித்துக்கொண்டிருந்த பெரிய வார்ப்புக்குப் பின்னால் கரண்டியோடு நின்றவர், இவர்களைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டார்.

"வந்தாரு, பாத்துக்கிடுங்க. நான் குடுக்கல. ஆனா தாயி, எனக்கு மனசே சரியில்ல. காலு நெலத்துல நிக்கல. பேச்சு கொழறிச்சு. இந்த மனுசன் காலங்காத்தால எங்க போயி ஊத்திட்டு வந்தாருன்னு நெனச்சேன்."

"என்னது?" சாவித்ரியின் குரல் கடைவீதிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "என் மனுஷர் ஜன்மத்துல அதைத் தொட்டதில்லை! ஒரு டம்ளர் பாயசம் குடுக்க உமக்குக் கை வரலையா?"

"அம்மா, குடுக்கக் கூடாதுன்னு சொன்னது உங்க வீட்டுலேர்ந்துதான?" தாணு தலையைக் குனிந்துகொண்டார். "எப்பவும் 'ஏ தாணு'ன்னு உரிமையா கூப்பிடுவாரு. இன்னைக்கு என்னை 'சார்'னு கூப்பிட்டாரு. 'சார், கொஞ்சம் பாயசம் கெடைக்குமா'ன்னு. நான் தண்ணி குடுத்து வீட்டுக்குப் போகச் சொன்னேன்."

சாவித்ரி திரும்பினாள். எட்டு நாள் அடைத்து வைத்தது மொத்தமாக வெளியே வந்தது.

"பாத்தியா? பாத்தியா உன் போட்டோ பண்ணின வேலையை? தண்ணி குடுத்து அனுப்பியிருக்கான், பிச்சைக்காரனுக்குக் குடுக்கறாப்பல!"

"நான் அவர் விரலைக் காப்பாத்தப் பார்த்தேன்! நீங்க என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டாவது ஊசி விழுந்திருக்குமா?"

"உன்கிட்ட நான் கேக்கணுமா?"

"கேட்டா என்ன? வாய் தேஞ்சா போயிடும்?"

வீதியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு பேரும் சொன்னது நிஜம்தான்.

"அம்மா, சண்டையப் பொறவு போடுங்க" என்றார் தாணு. "அவரு ஆரியசாலைப் பக்கமாட்டு போனாரு. நான் கடையப் பையன்கிட்ட விட்டுட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு வாரேன். ஓடுங்க!"

ஓடினார்கள். சாவித்ரி ஓடி ஜானவி பார்த்ததில்லை. மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மாடிப்படியே ஏறாத பெண்பிள்ளை, சாக்கு மூட்டைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

ஆரியசாலை முனையில் அல்வாக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் அல்வா பளபளத்தது. பெட்டியின்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஜானவி அனுப்பிய போட்டோவை அவர்கள் அச்செடுத்து ஒட்டியிருந்தார்கள். படத்தில் சேஷன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே சிவப்பு மையில், 'இவருக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது.'

இதைத்தான் சற்றுமுன் அவரும் பார்த்திருப்பார். ஜானவி அப்படியே நின்றுவிட்டாள். தன் முகத்தை அப்படி ஒரு கண்ணாடியில் பார்க்க நேர்ந்தால் தனக்கு எப்படி இருக்கும் என்று இந்த எட்டு நாளில் அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சாவித்ரி முன்னால் வந்தாள். கையை நீட்டி அந்தக் காகிதத்தைக் கிழிக்காமல் உரித்து எடுத்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இதைப் பாத்துட்டு உள்ளேகூட வரலை" என்றார் கல்லாவில் இருந்தவர். "இந்தச் சந்துக்குள்ள போனாரு."

*

சந்தில் மொத்த வியாபாரக் கிடங்குகள். ஒரு கிடங்கு வாசலில் மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். அவர்களின் கால்களுக்கு நடுவே ஜானவி முதலில் பார்த்தது சேஷனின் கால் கட்டைத்தான். நேற்று அவளே மாற்றிக் கட்டிய வெள்ளைத் துணி.

வெல்லக் கிடங்கு அது. கூரை முட்ட மூட்டைகள். அவற்றின் அடியில் சேஷன் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை ஒரு மூட்டையின் சணல் முடிச்சைப் பிடித்தபடி இருந்தது. அவிழ்க்கப் பார்த்திருக்கிறார், விரலில் தெம்பில்லை. இந்த ஊர் முழுவதும் ஒரு மாதம் தின்னக்கூடிய இனிப்பு அவரைச் சுற்றி அடுக்கியிருந்தது.

"மூட்டையைத் திறக்கப் பாத்தாரு. வெரட்டினோம். வெள்ளமடிச்சு கிடக்காரு" என்றான் ஒருவன்.

"குடிக்கலை! சர்க்கரை இறங்கிடுத்து!" ஜானவி கத்தினாள். "வெல்லம் எடுங்க! சீக்கிரம்!"

ஒருவன் கொக்கியால் மூட்டையைக் கிழித்தான். வெல்லம் கொட்டியது. ஜானவி தரையில் உட்கார்ந்து மாமனாரின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சட்டை நனைந்து உடம்பு சில்லிட்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ராகேலுக்கு மறுபடி போன் போட்டு, ஸ்பீக்கரில் கீழே வைத்தாள்.

"வாயில வெள்ளம் ஒழிக்கல்லே!" என்று ராகேலின் குரல் அலறியது. தண்ணீரை ஊற்றாதே, புரைக்கேறிவிடும். ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடி. வெல்லத்தைக் குழைத்துக் கன்னத்தின் உட்புறம் தடவு.

ஜானவியின் ஒரு கை மாமனாரின் தலையைத் தாங்க, மறு கையில் அள்ளிய வெல்லம் உதிர்ந்து விழுந்தது. சாவித்ரி அவளுக்கு எதிரே மண்டியிட்டாள். கடையில் விற்பதைக் கழுவாமல் தொடாதவள், தரையில் கிடந்த வெல்லத்தை எடுத்து, யாரோ கொடுத்த பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்த்துக் குழைத்தாள். ஜானவி தாடையை அழுத்திப் பிடிக்க, சாவித்ரி விரலை உள்ளே விட்டுத் தடவினாள்.

"முழுங்குங்கோன்னா. உங்களைத்தான். நான் சொல்றேன், தின்னுங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தடவினாள். தொழிலாளிகள் தலைத்துண்டை அவிழ்த்து விசிறினார்கள். விரட்டினோம் என்று சொன்னவன்தான் எல்லோரையும்விட வேகமாக விசிறினான்.

"அம்மா, மூச்சு இருக்கு. இருக்கும்மா" என்றாள் ஜானவி. மாமியாருக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, அவளுக்கே தெரியாது.

சேஷனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை. நாக்கு வெளியே வந்து உதட்டிலிருந்த வெல்லத்தைத் துழாவியது. சாவித்ரி ஓவென்று அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அடுத்த உருண்டையைக் குழைத்தாள்.

தாணு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். ஆம்புலன்ஸ் சாலை முனையில் லாரிக்குப் பின்னால் நிற்கிறது, ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள் என்றார். சொல்லிவிட்டுச் சேஷனின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து சேஷனின் கண் திறந்தது. கூரையைப் பார்த்தது, மூட்டைகளைப் பார்த்தது, பிறகு மனைவியிடம் வந்து நின்றது.

"சாவித்ரி! தெருவுல வந்து உக்காந்திண்டிருக்கியே, என்ன இது?"

"ஆமான்னா. உக்காந்திண்டுதான் இருக்கேன்." சாவித்ரி அழுகையும் சிரிப்புமாக அவர் வாயைத் துடைத்தாள். "தெரியறதா? யாரு தலையைப் பிடிச்சிண்டிருக்கா, பாருங்கோ."

சேஷன் மெதுவாகக் கண்ணை உயர்த்தினார். ஜானவி குனிந்து புன்னகை செய்தாள். அவர் அவளையே பார்த்தார். முன்பின் தெரியாத வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது போல, மரியாதையாகப் பார்த்தார்.

"இந்தக் கொழந்தை யாரு?"

"நன்னாப் பாருங்கோ. யாருன்னு சொல்லுங்கோ."

அவர் நெற்றியைச் சுருக்கி முயன்று பார்த்தார். முடியவில்லை. பிறகு ஏதோ ரகசியம் சொல்ல வேண்டும் என்பது போல ஜானவியைச் சைகையால் கூப்பிட்டார். அவள் காதை அவர் வாயருகே கொண்டு போனாள்.

"நீ யார் பெத்த பொண்ணோ, நன்னாயிருப்பே. நான் இந்த வெல்லம் தின்னதை எங்காத்துல என் மாட்டுப்பொண் கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா." குரல் இன்னும் தாழ்ந்தது. "அவளைக் கண்டா எனக்குக் கொஞ்சம் பயமாக்கும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எதிரே மண்டியிட்டிருந்த சாவித்ரிக்கும் கேட்டுவிட்டது.

எட்டு நாளாக மருமகளை ஒரு வார்த்தையால் அடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தவள் சாவித்ரி. இதைவிட நல்ல இடம் அமையாது. அவள் வாயைத் திறந்தாள். ஜானவியின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்லமாட்டேன்" என்றாள் ஜானவி. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. "நீங்க சாப்பிடுங்கோ."

சேஷன் நிம்மதியாக வாயைத் திறந்தார். அவள் ஊட்டினாள்.

சந்து முனையில் ஸ்ட்ரெச்சர் வரும் சத்தம் கேட்டது. தரையில் கிடந்த போனிலிருந்து ராகேலின் குரல் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"மோளே, கேக்குதா? ஆளு முழிச்சாச்சா? பேசுறாரா? எல்லாரையும் தெரியுதான்னு கேட்டுப் பாரு. அது முக்கியமாணு. கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

ஜானவி போனைப் பார்த்தாள். சாவித்ரிதான் வெல்லம் ஒட்டின கையால் போனை எடுத்தாள்.

"முழிச்சுண்டாச்சு சிஸ்டர். பேசறார். என்னைத் தெரியறது." அவளுடைய இன்னொரு கை தானாக நீண்டு ஜானவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

"ஆனா எங்காத்துப் பொண்ணை அவருக்குத் தெரியலை சிஸ்டர்."